இரண்டாவது ஊசி

வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே யூச்சின் தனிச் சட்டி, தனிக் கிண்ணம், சாப்பிடத் தனிக் குச்சி என்று பிரித்துக்கொண்டாள். செத்துப்போன அம்மாவுக்கு நல்ல கதி கிடைக்க வேண்டுமென்று குவான்யின் அம்மனுக்கு நேர்ந்திருப்பதாகவும், ஆயுசு முழுக்கச் சைவம்தான், மீன் பட்ட குச்சி தன் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்றும் சொன்னாள். அம்மா செத்தது நிஜம். நேர்த்திக்கடன் சுத்தப் பொய். சீனாவின் ஃபூஜியன் கடற்கரையில் பிறந்த ஒருத்தி மூன்று வருஷம் மீன் வாசம் பிடித்துக்கொண்டே அவரைக்காய் தின்றாள் என்றால், அதற்கு பக்தி போதாது. பயம் வேண்டும்.

அந்தப் பயம் அவள் இரத்தத்தில் இருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பத்தாம் நாள் எல்லாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உன் ஈரலில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது, வேலை கிடையாது என்றார் ஒரு குமாஸ்தா. மெதுவாகவா சொன்னார்? வரிசையில் நின்ற நாற்பது பேர் காதிலும் விழும்படி சொன்னார். அழுதுகொண்டே விடுதிக்குத் திரும்பினால் அவளுடைய கிண்ணம் குப்பைத் தொட்டியில் கிடந்தது. குச்சிகளை ஒடித்தே போட்டிருந்தார்கள். முந்தின ராத்திரி அதே கிண்ணத்திலிருந்து நூடுல்ஸைப் பிடுங்கித் தின்ற சிநேகிதிகள்தான் அந்த வேலையைச் செய்தது. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் நம்பினார்கள். அன்றிலிருந்து அவளும் நம்பினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் இரத்தம் எடுத்துப் பார்ப்பது கட்டாயம் என்ற சட்டத்தை அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம்தான் தளர்த்தியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. புருஷன் குவோலியாங்கிடம்கூடச் சொல்லவில்லை. நல்லவன், சிரித்த முகம். சொன்னால் அந்தச் சிரிப்பு எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும், நாற்பது முகங்களில் பார்த்தவள் அல்லவா. ஆனால் சாப்பாட்டில் அத்தனை கவனமாக இருந்தவளுக்கு, ஒட்டினால் படுக்கையில்தான் ஒட்டும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கிறுக்குத்தனம்தான். யாரிடம் போய்க் கேட்பாள்?

அந்த ஊரில் குடும்பம் என்றால் வட்ட மேஜை. நடுவில் மீன், கறி, கீரை, சூப். எல்லாருடைய குச்சியும் நடுத்தட்டுக்குப் போகும், வரும். மாமியார் பாவ்லானுக்கு ஒருவர் மேல் பிரியம் வந்தால் வாயால் சொல்லத் தெரியாது. தன் குச்சியை நன்றாகச் சப்பிவிட்டு, மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளி அவர்கள் கிண்ணத்தில் வைப்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் பாசம் கிடையாது. யூச்சினின் கிண்ணத்துக்கு மட்டும் அந்தக் குச்சி வந்ததே இல்லை. மேஜை ஓரத்தில் அவள் தன்னுடைய சோயாக்கட்டித் தோஃபுவையும் கீரையையும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். உங்களைக் காப்பாற்றத்தான் இப்படி இருக்கிறேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள். அது அவளுக்கு ஒரு ஆறுதல்.

பாவ்லானுக்கு இதில் பெருமைவேறு. "எங்க மருமக சாதாரணப் பொண்ணு இல்லடி, அம்மனோட ஆளு. மூணு வருஷமா ஒரு எறால் தலைகூட அவ வாயில பட்டதில்ல, தெரியுமா?" என்று மீன் சந்தையில் நின்று அளப்பாள். மூன்று வருஷம் கழித்து மருமகள் பிள்ளை உண்டானதும் அந்தப் பெருமை அப்படியே தலைகீழாகப் புரண்டது.

"இதுக்கு மேலயும் கீரையும் கடலையும்தானா? உள்ள இருக்கிறது புள்ளையா, முயலா?"

"நேந்துக்கிட்டாச்சே, அத்தை."

"அம்மனுக்கு என்ன, அவளா பெத்துக்கப் போறா? நான் போய் அவகிட்டப் பேசிக்கறேன். ரெண்டு பத்தி கூடக் கொளுத்தினா கேட்டுக்குவா. நீ மொதல்ல இந்த ஈரல் சூப்பைக் குடி."

ஈரல் என்ற சொல்லைக் கேட்டாலே யூச்சினுக்குப் போதும். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோவாள். பின்னாலேயே பாவ்லானின் குரல் மாடிப்படி ஏறி வரும். குவோலியாங் அப்போது அர்ஜென்டினாவில் இருந்தான். அவளுக்கு நாலாம் மாதம் முடியும்போது ஒரு சொந்தக்காரரின் மளிகைக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தான். ஐந்து மாடி வீடு, அவன் அண்ணன்மார் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியது. கீழ்மாடியில் மாமனார் மாமியார், இரண்டாம் மாடியில் யூச்சின், அதற்கு மேலே மூன்று மாடியும் காலி. சாயங்காலம் காற்றடித்தால் மேலே எங்கேயோ கதவு அடித்துக்கொண்டே இருக்கும், போய்ச் சாத்த ஆள் இருக்காது.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அவள் மாதாமாதம் தனியாகத்தான் பஸ் ஏறினாள். அங்கே டாக்டர் ஔயாங் என்று ஒரு அம்மாள், வெடுக்கென்று பேசுகிறவள். இரத்த முடிவைப் பார்த்துவிட்டுக் கர்ப்பிணிப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் சிவப்பு முத்திரை ஒன்றைக் குத்தினாள்.

"கிருமி இருக்குன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

"ஒங்க அம்மா எப்படி இறந்தாங்க?"

"வயிறு வீங்கி... கண்ணெல்லாம் மஞ்சளா..."

"அப்ப அவங்ககிட்டேருந்துதான் வந்திருக்கும். பொறக்கறப்ப வந்து ஒட்டிக்கிட்டது. ஒங்க அம்மா காலத்துல ஊசி இல்ல, இப்ப இருக்கு. நல்லாக் கேட்டுக்க. புள்ள பொறந்து பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊசி. ஒரு தொடையில தடுப்பூசி. அத எல்லாப் புள்ளைக்கும் போடுவாங்க. இன்னொரு தொடையில எதிர்ப்பு மருந்து. அது ஒன்ன மாதிரி அம்மா பெத்த புள்ளைக்கு மட்டும். நீ சொன்னாத்தான் போடுவாங்க. சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது. ஒங்க அம்மா ஒனக்குக் குடுத்ததை நீ ஒன் புள்ளைக்குக் குடுப்ப. எங்க பெத்தாலும் இந்தப் பக்கத்தைக் காட்டு. புரியுதா?"

புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுந்தவளை டாக்டர் மறுபடி உட்கார வைத்தாள். ஏன் இப்படி இரத்தம் குறைந்து வெளுத்துப் போயிருக்கிறாய், மீன் கறி சாப்பிடுவதில்லையா என்று கேட்டாள். யூச்சின் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் உண்மையைச் சொன்னாள். கேட்ட டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"யாரு சொன்னா ஒனக்கு, கூடச் சாப்பிட்டா ஒட்டும்னு?"

"எல்லாரும்..."

"எல்லாரும் டாக்டருக்குப் படிச்சாங்களா? ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாது. ஒரே குச்சியில சாப்பிட்டாலும் ஒட்டாது. ரத்தத்துல போகும், புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருந்தாப் போகும், பெத்தாப் போகும். அவ்வளவுதான். ஒன் புருஷனை மொதல்ல ரத்தம் பாக்கச் சொல்லு. மூணு வருஷமாவா இப்படித் தின்னுட்டிருக்க? அடக் கடவுளே!"

பஸ் நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. மூன்று வருஷம்! மூன்று புத்தாண்டு விருந்து, எத்தனை பிறந்தநாள், அத்தனைக்கும் மேஜை ஓரத்தில் நாய்க்கு வைத்த மாதிரி தனக்குத் தானே தட்டு வைத்துக்கொண்டாளே, எதற்காக? ஒன்றுக்கும் இல்லை. எதிரே இருந்த கடையில் மீன் உருண்டை சூப் இரண்டு கிண்ணம் வாங்கிச் சூடு ஆறுவதற்குள் குடித்தாள். பஸ்ஸில் பாதி வழியில் அத்தனையும் வாந்தி எடுத்தாள். பழக்கம் விட்டுப்போன வயிறு.

வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே தோஃபு, அதே கீரை. வேறென்ன செய்ய முடியும்? நேர்த்திக்கடனை விடுவதென்றால் ஏன் பிடித்தாய் என்ற கேள்வி வரும். அதைவிட மோசமான ஒன்றையும் அன்றைக்குச் செய்தாள். பாவ்லானுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தக் கர்ப்பிணிப் புத்தகத்தைக் கண்டவர்களிடமெல்லாம் நீட்டி, "எம் பேரன் எம்புட்டு வளந்திருக்கான்னு படிச்சுச் சொல்லு" என்று கேட்கிற பழக்கம் இருந்தது. யூச்சின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துத் துண்டு துண்டாக்கிக் கழிப்பறையில் போட்டாள். மாவட்ட ஆஸ்பத்திரியில்தானே பெறப்போகிறோம், அங்கே டாக்டர் ஔயாங்குக்குத் தெரியுமே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டது. விடியற்காலை வலி எடுத்ததும் மாமனார் தெஃபா தன் மூன்று சக்கர வண்டியில் அவளை ஏற்றினார். பேசினால் ஏதோ குறைந்துவிடும் என்று நினைக்கிற மனுஷன் அவர். நேரே பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு விட்டார். மாவட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் வண்டியிலேயே பிறந்துவிடும். சேர்க்கும்போது நர்ஸ் ஒருத்தி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஈரல் வியாதி, காசம், ரத்தக் கொதிப்பு ஏதாச்சும் உண்டா?"

"எங்க மருமகளுக்கா?" பாவ்லான் முந்திக்கொண்டாள். "அம்மனுக்கு நேந்து சைவம் சாப்பிடுற ஒடம்பும்மா அது. நோயாவது, நொடியாவது!"

நர்ஸ் யூச்சினைப் பார்த்தாள். யூச்சின் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வலி என்று நர்ஸ் நினைத்தாள். இல்லை என்று எழுதிவிட்டாள்.

காலை ஆறு மணி நாற்பது நிமிஷத்துக்குப் பையன் பிறந்தான். இரண்டரைக் கிலோ, மூக்கு மட்டும் குவோலியாங் மாதிரி. ஏழரைக்கு ஒரு தொடையில் தடுப்பூசி போட்டார்கள். யூச்சின் இன்னொரு தொடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பேர் படுக்கிற வார்டு. எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். சாயங்காலம் ஆறு நாற்பது வரை நேரம். மாவட்டத்திலிருந்து வரவேண்டியதாக இருந்தால் போக ஒன்றரை, வர ஒன்றரை. அப்படியானால் மூன்றரைக்குள் சொல்லியாக வேண்டும். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டாள். நாக்குதான் எழும்பவில்லை.

நர்ஸிடம் தனியாக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் பாவ்லான் கட்டிலைவிட்டு அசைந்தால்தானே! ஒன்பது மணிக்கு, "வெந்நீர் பிடிச்சுட்டு வாங்களேன் அத்தை" என்றாள். பாவ்லான் பக்கத்துக் கட்டில்காரியின் தங்கையை அனுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தே இருந்தாள். பதினொன்றுக்கு நர்ஸ் வந்தபோது பாவ்லான் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "பையனுக்குக் காது கொஞ்சம் மடங்கியிருக்கே, நிமிந்துடுமா?" என்று அரை மணி நேரம் குடைந்தாள். மத்தியானம் தெஃபா பெரிய தூக்கில் இஞ்சியும் அரிசி மதுவும் போட்ட கோழிச் சூப் கொண்டுவந்தார். "இன்னைக்கு ஒரு நாள் அம்மன் கண்ணை மூடிக்குவா, குடி" என்று பாவ்லான் கெஞ்சினாள். நிஜமாகவே கெஞ்சினாள். தன் குச்சியால் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து நீட்டினாள். யூச்சின் அந்தத் துண்டைப் பார்த்தாள், மூன்று வருஷமாக ஏங்கியது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள். நர்ஸ் அறை பதினைந்து அடி தூரம்தான்.

"ஏய், ஏய்! என்ன பண்ற? பெத்த பச்சை ஒடம்பு, வெறுந்தரையில கால வைக்கலாமா? நாப்பது வயசுல மூட்டெல்லாம் கழண்டு எங்கிட்ட வந்து அழுவ. படு!"

இரண்டு தோளையும் பிடித்து அழுத்திப் படுக்க வைத்துக் காதுவரைக்கும் போர்த்திவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். யூச்சினுக்கு அந்தப் போர்வைக்குள் மூச்சு முட்டியது. சொல்லாவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. எல்லாப் பிள்ளைக்குமா ஒட்டிவிடும்? ஒட்டினாலும் உடனே செத்தா போகிறான்? தன்னைப் போல இருப்பான், அவ்வளவுதானே? அப்படி நினைத்த மாத்திரத்தில் பயந்துபோனாள். தன்னைப் போல! பத்தொன்பது வயதில் ஒரு விடுதி வாசலில் நின்று, குப்பைத் தொட்டியில் கிடக்கிற தன் கிண்ணத்தை இவனும் பார்ப்பானா?

கடிகாரத்தில் மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம். நர்ஸ் வார்டின் அந்தக் கடைசியில் யாருக்கோ காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். யூச்சின் எழுந்து உட்கார்ந்து கத்தினாள்.

"நர்ஸ்! எனக்கு ஈரல்ல கிருமி இருக்கு! ஹெபடைடிஸ் பி! எம் புள்ளைக்கு இன்னொரு ஊசி போடணும்!"

பக்கத்துக் கட்டில்காரி தன் குழந்தையை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பாவ்லான் பேரனை மடியில் வைத்திருந்தாள். மருமகளைப் பார்த்தாள், பேரனைப் பார்த்தாள். எழுந்துபோய் அவனைத் தொட்டிலில் கிடத்தினாள். இரண்டு கையையும் தன் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள் யூச்சின்.

"காலையில கேட்டேனே, அப்ப வாயில என்ன வச்சிருந்த?" என்று நர்ஸ் எகிறினாள். பிறகு ஓடினாள், போன் செய்தாள். அந்த மருந்து இங்கே இல்லை, மாவட்டத்தில் டாக்டர் ஔயாங் எடுத்து வைத்திருக்கிறார், யாராவது உடனே போக வேண்டும் என்று வந்து சொன்னாள். வாசலில் நின்றிருந்த தெஃபா யாரிடமோ மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். ஐஸ் போட்ட குடுவையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது மணி ஆறுக்குப் பத்து. தலைமுடியெல்லாம் புழுதி. நர்ஸ் இரண்டாவது ஊசியைப் போட்டாள். பையன் வீரிட்டு அழுதான். யூச்சின் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவனோடு சேர்ந்து அழுதாள், நிம்மதியில். வார்டில் வேறு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எட்டு மாதமும் ஒரே மாதிரிதான் இருந்தது. அவளுடைய துணிமணி நாலாம் மாடிக்குப் போனது. பெற்றவளுக்கு ஒரு மாதம் கூடவே இருந்து மாமியார் செய்யவேண்டிய பணிவிடை எல்லாம் மூன்றாம் மாடிப் படியோடு நின்றது. சூப் வரும், முட்டை வரும், எல்லாம் தூக்கியெறிகிற காகிதக் கிண்ணத்தில். "வச்சாச்சு" என்று ஒரு குரல், அப்புறம் இறங்கிப்போகிற செருப்புச் சத்தம். கூடச் சாப்பிட்டால் ஒட்டாது என்று நர்ஸ் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். "அப்ப நீ போய் அவகூடச் சாப்பிடு" என்றுவிட்டாள் பாவ்லான். புட்டிப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டாள். யூச்சின் டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். இரண்டு ஊசியும் போட்டாயிற்று, தாராளமாகத் தாய்ப்பால் கொடு என்றாள் டாக்டர். கொடுத்தாள். அது தெரிந்ததும் பாவ்லான் படியில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டாள்.

"குடு, குடு, நல்லா வெஷத்தக் குடு! இனிமே அவன் எம் பேரன் இல்ல, ஒம் புள்ள. நீயே வச்சுக்க!"

புருஷனிடம் போனில் அவளேதான் சொன்னாள். போன் அட்டையில் காசு தீரப்போகிறது என்ற இயந்திரக் குரல்தான் பதிலாக வந்தது. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, "ரத்தம் பாத்தேன், எனக்கு இல்ல" என்றான். சின்ன வயதிலேயே வந்து தானாகப் போயிருக்கிறதாம், இனி வராதாம். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்டான், குழந்தையைப் பற்றி மட்டும் விசாரித்தான். "நீ எப்படி இருக்க?" என்று ஒரு தடவை கேட்பான் என்று அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருப்பாள். கேட்கவில்லை.

ஆன்ஆன் என்று பெயர் வைத்தார்கள் பையனுக்கு. நாலாம் மாடியில் அவனும் அவளும்தான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, கறிகாய்க்காரனிடம் மீனும் சேர்த்து வாங்கி அவளே சமைத்துச் சாப்பிட்டாள், கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டாள். பேசுவதற்கு ஆள் இல்லாததால் அவனிடமே எல்லாவற்றையும் பேசினாள். இன்றைக்குக் காற்று ஜாஸ்திடா, கீழே ஒன் பாட்டி யாரையோ திட்டுறாங்கடா. அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான். மாலையில் பாவ்லான் மூன்றாம் மாடிப் படி வரைக்கும் வந்து, கம்பி வழியாக அவனை எட்டிப் பார்ப்பாள். இவன் சிரித்துக்கொண்டு கையை நீட்டுவான். அவள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கிவிடுவாள். ஒரு மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று என்று பாக்கி ஊசிகளையும் யூச்சினே தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டுவந்தாள். எட்டாம் மாதம் இரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வா என்றார்கள். அந்த ஒரு வாரமும் அவள் சரியாகத் தூங்கவில்லை.

டாக்டர் ஔயாங் காகிதத்தை நீட்டும்போதே சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே யூச்சினுக்கு அன்றுதான் தெரியும். "கிருமி இல்ல. எதிர்ப்புச் சக்தி நல்லா வந்திருக்கு. ஒங்க வீட்டுல இது ஒன்னோட முடிஞ்சுது, போ" என்றாள். பஸ்ஸில் வரும்போது யூச்சின் அந்தக் காகிதத்தை எட்டு தடவையாவது பிரித்துப் பார்த்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளிடம்கூடச் சொல்லத் துடித்தாள். என்னவென்று ஆரம்பிப்பது? சொல்லாமலே இறங்கிவிட்டாள்.

கீழ்மாடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேஜை போட்டிருந்தது. வாசலில் நின்று காகிதத்தை நீட்டினாள். தெஃபா வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தார்.

"இல்லையாம்" என்றார். "சுத்தமா இருக்கானாம்."

அவ்வளவுதான், பாவ்லான் ஓடிவந்து ஆன்ஆனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. முகத்தோடு முகம் வைத்து ஓவென்று அழுதாள். "எங்கண்ணே, எம் ராசா, ஒன்னத் தொடாம நான் பட்ட பாடு..." என்று அவன் காதையும் மூக்கையும் மாறி மாறி முத்தமிட்டாள். பொய் அழுகை இல்லை அது. யூச்சினுக்கும் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் முடிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள். முட்டாள் பெண்.

பாவ்லான் அவனை மடியில் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். நடுத்தட்டிலிருந்து மீனைக் கிள்ளி, முள் பார்த்து, அவன் வாயில் வைத்தாள். அவன் சப்புக்கொட்டினான். பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள்.

"இனிமே இவன் கீழயே இருக்கட்டும். பாலையும் நிறுத்திடு. நல்ல வேளை, இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, இனிமே எதுக்கு வம்பு? நீ சாயங்காலம் வந்து படியில நின்னு பாத்துட்டுப் போ, யாரும் வேணாங்கல. புள்ளைக்கு ஒண்ணும் இல்லேன்னா அதான் சரின்னு குவோலியாங்கும் முன்னாடியே போன்ல சொல்லிட்டான்."

எந்தக் காகிதத்துக்காக யூச்சின் எட்டு மாதம் வேண்டிக்கொண்டாளோ, அந்தக் காகிதம் இப்போது தெஃபாவின் பக்கத்தில், சாதக் கிண்ணத்துக்கு அடியில் இருந்தது. பிள்ளை சுத்தம் என்று எழுதியிருந்தது. சுத்தமான பிள்ளை அவர்களுடையது. அவனுக்குக் கிருமி உண்டா இல்லையா என்று தெரியாமல் இருந்தவரைக்கும்தான் அவன் அவளுடையவன். நாலாம் மாடி ஞாபகம் வந்தது. இன்றைக்குக் காற்று ஜாஸ்திடா என்று அங்கே இனி யாரிடம் சொல்வாள்?

அவள் உள்ளே வந்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குச்சிக் குவளையிலிருந்து ஒரு ஜோடியை உருவினாள்.

"ஒன் சாப்பாடு மேலல்ல இருக்கு?" என்றாள் பாவ்லான்.

"இருக்கட்டும் அத்தை."

பயமாகத்தான் இருந்தது, அந்த விடுதி வாசலில் நின்றதைவிடப் பயம். நடுத்தட்டில் குச்சியை வைத்து மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். அதே குச்சியை மறுபடியும் தட்டில் வைத்தாள். தெஃபா தன் குச்சிகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மருந்துக் குடுவையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டி வந்தாரே, அதே மனுஷன்தான்.

"அடிப் பாவி!" பாவ்லானுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாத்தையும் தொட்டுட்டியே! எச்சிலாக்கிட்டியே! நாங்க எதத் திங்கிறது?"

"இதத்தான் தின்னணும், அத்தை. ஒட்டறதா இருந்தா இவனுக்கு ஒட்டியிருக்கும். எட்டு மாசம் எம் பால குடிச்சான், நான் கடிச்சதத் தின்னான், எம் மூஞ்சிமேலயே மூஞ்சிய வச்சுத் தூங்குனான். மாமா இப்பதான் படிச்சாரு." ஆன்ஆனைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "அவனுக்கு ஊசி போட்டாச்சு. ஒங்களுக்குப் பயமா இருந்தா நீங்களும் போய் ஊசி போட்டுக்கங்க. டவுன்லயே போடறாங்க, நான் கூட வரேன். ஆனா எம் புள்ள சாப்பிடற மேஜையிலதான் இனிமே நானும் சாப்பிடுவேன். மேல போக மாட்டேன்."

கையை நீட்டினாள். பாவ்லான் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆன்ஆனுக்கு இதெல்லாம் என்ன தெரியும், அம்மாவின் குச்சியில் மீன் இருந்தது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். பாட்டியின் பிடியிலிருந்து பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு வாயைத் திறந்தான். பாவ்லான் அவன் வாயைத் தன் கையால் மூடப்போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டாள்.

யூச்சின் முள் பார்த்து ஊட்டினாள். அவனுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். தெஃபா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவ்லானின் சாதம் ஆறிப்போனது. அவர்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. எழுந்து போகவும் இல்லை. யூச்சின் நடுத்தட்டிலிருந்து இன்னொரு துண்டு எடுத்தாள்.